தோட்டத்திலிருந்து தாமானுக்கு: நம் பிள்ளைகள் கையில் மண் பட்ட கதை

 

போன மாதம் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நாங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து பழைய டயரிலும் எண்ணெய் போத்தலிலும் செடி வைத்த படங்களை இங்கே போட்டிருந்தோம். நிறைய பேர் வாழ்த்தினீங்க. நன்றி. கூடவே இரண்டு கேள்வியும் வந்தது. ஒன்று: "பிள்ளைங்கள படிக்க அனுப்பினோமா, மண் கிளற அனுப்பினோமா? நம்ம தாத்தா பாட்டி பட்டது போதாதா?" இரண்டாவது: "சாமிக்குப் போட்ட பூவைக் கொண்டுபோய் எருவாக்கலாமா? பாவம் இல்லையா?"

இரண்டுமே சும்மா தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. கேட்டவர்களும் சும்மா கேட்கவில்லை. ரெண்டு வரியில் பதில் போடலாம் என்றுதான் உட்கார்ந்தோம். கோவில் தொண்டர்களில் வயசானவர்களிடம் கேட்டு, நாங்கள் படித்து வைத்திருந்ததையும் சேர்த்தபோது இப்படி நீண்டுவிட்டது. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு சொல் விஷயம். தமிழ்நாட்டுக்காரரிடம் தோட்டம் என்று சொன்னால் வீட்டுக்குப் பின்னால் கத்தரிக்காய், முருங்கை என்று நினைப்பார். மலேசியாவில் நமக்குத் தோட்டம் என்றால் அது ரப்பர் தோட்டம், பிறகு செம்பனைத் தோட்டம். "அவங்க தோட்டத்துல இருந்து வந்தவங்க" என்று சொன்னால் போதும், லயம், கங்காணி, கிராணி, பெரட்டுக் களம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். அந்தத் தோட்டங்களை அழித்துக் கட்டிய குடியிருப்புக்கு என்ன பேர் வைத்தார்கள்? தாமான். மலாயில் தாமான் என்றாலும் பூங்கா, தோட்டம்தான். தாடிகா என்று பாலர் பள்ளியைச் சொல்கிறோமே, அதில் முதல் 'தா'வும் அதே தாமான்தான். 1840இல் ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்ற ஆசிரியர் சின்னப் பிள்ளைகளுக்கான பள்ளிக்குக் கிண்டர்கார்டன், அதாவது பிள்ளைகளின் தோட்டம் என்று பேர் வைத்தார். அவர் வெறும் பேராக வைக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் சின்னதாக ஒரு பாத்தி, எல்லாருக்கும் பொதுவாக ஒரு பாத்தி என்று நிஜமாகவே கொடுத்தார்.

ஆக நாம் தோட்டத்தில் பிறந்து, தாமானுக்குக் குடிவந்து, பிள்ளைகளைத் தாடிகாவுக்கு அனுப்புகிறோம். மூன்று பேரிலும் தோட்டம் இருக்கிறது. செடியைத்தான் காணோம்.

நம்ம பத்துமலைக்கே உரத்தோடு ஒரு பழைய தொடர்பு உண்டு என்பது பல பக்தர்களுக்குத் தெரியாது. கே. தம்புசாமிப் பிள்ளை அவர்கள் 1890இல் இங்கே முருகப் பெருமானை எழுந்தருளச் செய்வதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே, 1860களில், சீனக் குடியேறிகள் இந்தக் குகைகளுக்குள் வந்து வவ்வால் எச்சத்தைத் தோண்டி எடுத்துப் போயிருக்கிறார்கள். எதற்கு? அவர்கள் போட்டிருந்த காய்கறித் தோட்டத்துக்கு உரம். அதற்கும் முன்னால் பூர்வகுடி மக்கள் வேட்டைக்கு வரும்போது குகை வாசலில் தங்கியிருக்கிறார்கள். 1878இல் அமெரிக்கர் ஹார்னடே வந்து எழுதிய பிறகுதான் வெளி உலகம் இந்த மலையைப் பற்றிப் பேசியது. 1892இல் தைப்பூசம் தொடங்கியது. 1920இல் மரப்படி போட்டார்கள். 272 கான்கிரீட் படி அதற்குப் பிறகு. இது எல்லாம் நமக்குத் தெரிந்த கதை. ஆனால் யாரோ ஒருத்தர் வீணாகக் கிடந்ததை மூட்டையில் கட்டிக்கொண்டு போய் கீரைப் பாத்தியில் கொட்டினார் பாருங்கள், நம் மலையடிவாரத்தில் மறுசுழற்சி அங்கேயே தொடங்கிவிட்டது. (இதைப் படித்துவிட்டு யாரும் குகைக்குள் போய் அள்ளாதீர்கள். இருட்டுக் குகையில் இருக்கிற பூச்சி, சிலந்தி எல்லாம் அந்த எச்சத்தை நம்பித்தான் உயிர் வாழ்கின்றன.)

இப்போது லயத்துக்கு வருவோம்.

ரப்பர் தோட்டத்தில் நம் முன்னோர் கை பட்ட மண் அவ்வளவும் கம்பெனி மண். மரம் கம்பெனிது, பால் கம்பெனிது, பால் விழுகிற மங்குகூட கம்பெனிது. குடியிருந்த லயத்து வீடும் வேலை இருக்கும் வரைக்கும்தான். ஆனால் லயத்துக்குப் பின்னால், வடிகாலைத் தாண்டி ஒரு துண்டு நிலம் இருக்கும். அங்கே முருங்கை, கறிவேப்பிலை, வாழை, வெண்டை, பயத்தங்காய், ஒரு ஓரத்தில் துளசி, வேலி பக்கம் செம்பருத்தி. சில வீட்டில் ஆடு, மாடு. அந்தத் துண்டு நிலம் யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததில்லை. கூட்டரசு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டத்திலேயே, குடும்பம் உள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ ஒதுக்க வேண்டும் என்று இருந்தது. கணக்குப் போட்டால் சுமார் 2,700 சதுர அடி. இன்றைக்கு ஒரு பி.பி.ஆர் அடுக்குமாடி வீடு 700 சதுர அடி. அப்படியென்றால் கிட்டத்தட்ட நாலு வீடு அளவு நிலம், வெறும் காய்கறிக்கு! சட்டத்தில் இருந்தது எல்லாத் தோட்டத்திலும் நடந்ததா என்றால், இல்லை. துரையைப் பொறுத்தது, கங்காணியைப் பொறுத்தது, நிலத்தையும் பொறுத்தது. ஆனாலும் அந்தக் கொல்லைப்புறத்தில் மட்டும்தான் நம்ம ஆள் மணி அடிக்காமல், பேர் கூப்பிடாமல், தனக்காக மண்வெட்டி பிடித்தான். ஆத்தாவும் பாட்டியும் பால் வெட்டிவிட்டு வந்து, குளித்துச் சமைத்து, சாயங்காலம் ஒரு வாளி தண்ணீரோடு போய் நிற்கிற இடம் அது. எங்களில் பலருக்கு அம்மாவைச் சிரித்த முகமாகப் பார்த்த ஞாபகம் அங்கேதான் இருக்கிறது.

மறுசுழற்சி என்று இன்றைக்குப் பெரிய வார்த்தையில் சொல்கிறோம். லயத்தில் அதற்குப் பேரே கிடையாது. விரிசல் விட்ட மங்கில் கற்பூரவல்லி, பிய்ந்த காண்டா வாளியில் கீரை, மண்ணெண்ணெய் டின்னை வெட்டி விரித்தால் கோழிக் கூட்டுக்குக் கூரை, தேங்காய் மட்டை செடிக்கு மூடாக்கு, அடுப்புச் சாம்பல் பூச்சிக்கு, அரிசி கழுவின தண்ணீர் கறிவேப்பிலைக்கு. எதுவும் குப்பைக்குப் போகாது. குப்பைக்குப் போடுகிற அளவுக்கு வீட்டில் ஒன்றும் இருந்ததில்லை என்பதும் உண்மைதான்.

அப்படி இருந்தால், "மண் கிளறவா அனுப்பினோம்" என்ற கோபம் எங்கிருந்து வந்தது? அதற்குப் பள்ளிக்கூடக் கதையைப் பார்க்க வேண்டும்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் என்ன சொன்னது என்றால், ஒரு தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் அங்கே ஒரு பள்ளி வைக்க வேண்டும். வைத்தார்கள். எப்படி? ஆயாக்கொட்டகையில் ஒரு மூலை, இல்லையென்றால் பழைய ஸ்டோர். வாத்தியார் யார்? கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணி, சில இடத்தில் கிராணி. அதே நேரத்தில் பிள்ளைகளுக்கு வேலையும் இருந்தது. புல் பிடுங்க, விதை பொறுக்க, மங்கு கழுவ. ஆண்களுக்கு இவ்வளவு, பெண்களுக்கு இவ்வளவு என்று கூலிப் பட்டியல் போட்டபோது சிறுவர்களுக்கு என்று தனியாக ஒரு வரி போட்டிருந்த காலம் அது. காலையில் பெரட்டில் நிற்கிற பையன் மத்தியானம் பள்ளிக்கு வந்து தூங்கி விழுவான்.

இதற்குக் கொஞ்சம் முன்னால், 1916இல், வின்ஸ்டெட் என்ற ஆங்கிலேய அதிகாரி ஜாவாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் போய் அங்குள்ள பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்தார். மலாய்ப் பள்ளிகளில் தோட்ட வேலை, கூடை முடைதல் போன்ற கைத்தொழில் சேர்க்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். அதற்குப் பிறகு பள்ளித் தோட்டம் பாடத்தில் ஒரு பாகமாக வந்துவிட்டது. சில தமிழ்ப் பள்ளிகளிலும் அப்படி நடந்தது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அதன் உள்நோக்கம் வேறு. விவசாயி மகன் விவசாயியாகவே இருக்கட்டும், தோட்டத்துப் பையன் தோட்டத்திலேயே இருக்கட்டும், அதிகம் படித்துவிட்டு ஆபீஸ் வேலை கேட்டு வரக்கூடாது. பட்டணத்தில் ஆங்கிலப் பள்ளியில் படித்த பையனுக்குக் கையில் பேனா. லயத்துப் பையனுக்குக் கையில் மண்வெட்டி. அந்த வித்தியாசத்தை நம்ம பெரியவங்க நல்லாவே புரிந்துகொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக இருக்கலாம், ஏமாந்தவர்கள் இல்லை. "மண்வெட்டி பிடிக்க நான் சொல்லித் தர மாட்டேனா? வாத்தியாரு எதுக்கு?" என்று கேட்டார்கள். இன்றைக்கு ஒரு தாய் எங்களிடம் அதே கேள்வியைக் கேட்டால், அது நூறு வருஷத்துக் கோபம். கேட்பது நியாயம் என்றே நாங்கள் நினைக்கிறோம்.

அதனால்தான் நாங்கள் ஆரம்பத்திலேயே ஒரு விதி வைத்துக்கொண்டோம். பாட நேரத்தில் கை வைப்பதில்லை. தண்டனையாக எந்தப் பிள்ளையையும் தோட்டத்துக்கு அனுப்பக் கூடாது. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளை மட்டும் பொறுக்கி "நீ போய் தண்ணி ஊத்து" என்று சொல்லக் கூடாது. டாக்டர் வீட்டுப் பிள்ளையும் லோரி ஓட்டுநர் வீட்டுப் பிள்ளையும் சேர்ந்தே மண்ணைத் தொட வேண்டும். இல்லையென்றால் அது வின்ஸ்டெட் போட்ட தோட்டமாகிவிடும்.

கதைக்குத் திரும்புவோம். 1942 ஜனவரி 11ஆம் தேதி ஜப்பான் படை கோலாலம்பூருக்குள் வந்தது. அதற்குப் பிறகு மூன்றரை வருஷம். ரப்பர் வாங்க ஆள் இல்லை, கூலி இல்லை, பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி இல்லை. சப்பான்காரன் காலம் என்று எங்கள் பாட்டிமார்கள் பேச ஆரம்பித்தால் முதல் வார்த்தை மரவள்ளிக்கிழங்குதான். அவித்த கிழங்கு, காயவைத்த கிழங்கு, மாவாக்கிய கிழங்கு, கிழங்கு இலைக் கீரை. திடல், ரோட்டோரம், பள்ளி வளாகம், ரப்பர் மரத்தை வெட்டின இடம் என்று எங்கெல்லாம் மண் தெரிந்ததோ அங்கெல்லாம் கிழங்கும் வள்ளியும் நட்டார்கள். ஆம்பிளைகளைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பல்லாயிரம் தமிழர்கள் திரும்பி வரவே இல்லை. தோட்டத்தில் மிஞ்சியது பொம்பளைங்க, கிழவர்கள், பிள்ளைங்க. அந்தப் பிள்ளைகள் கிழங்கு நட்டதற்குப் பேர் பாடமும் இல்லை, கைத்தொழிலும் இல்லை. உயிர் பிழைக்க நட்டார்கள். லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருந்த குடும்பமும் இல்லாத குடும்பமும் அந்த மூன்றரை வருஷத்தில் ஒரே மாதிரி இருக்கவில்லை. உயிரோடு இருக்கிற பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். இன்னும் சிலர் மரவள்ளிக்கிழங்கைக் கையால் தொடமாட்டார்கள், அவ்வளவு சாப்பிட்டுவிட்டார்கள்.

அது முடிந்து மூச்சு விடுவதற்குள் 1948இல் அவசரகாலம். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்று உணவுக் கட்டுப்பாடு வந்தது. தோட்டத்து லயங்களை ஒரே இடத்தில் சேர்த்து முள்கம்பி போட்டார்கள். வேலைக்குப் போகும்போது கையில் சோறு எடுத்துப் போக முடியாத இடங்கள் உண்டு. கடையில் டின் உணவு வாங்கினால் கடைக்காரர் அங்கேயே டின்னில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், சேர்த்து வைத்துக் காட்டுக்குக் கொடுத்துவிடக் கூடாதாம். (எங்கள் தொண்டர் ஒருத்தர் இதைக் கேட்டதும் சொன்னார்: "ஓட்டை போட்ட டின்னா? செடி வைக்க அதுதானே வேணும்!") கம்பிக்கு வெளியே போன கொல்லைப்புறங்களைப் பல குடும்பங்கள் அந்தக் காலத்தில் இழந்தன.

எங்கள் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருப்பது பச்சைப் புத்தகத் திட்டம். 1974இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் தொடக்கி வைத்தார். மலாயில் ரஞ்சாங்கான் புக்கு ஹிஜாவ். உலகம் முழுக்கச் சாமான் விலை ஏறிக் கிடந்த நேரம். காலியாகக் கிடக்கிற நிலத்தில் எல்லாரும் காய்கறி போடுங்கள், கோழி மீன் வளருங்கள் என்றார்கள். பள்ளிகளும் இறங்கின. 70களின் கடைசியில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த எங்களுக்கு வகுப்புக்கு ஒரு பாத்தி இருந்தது. பயத்தங்காய்க்குக் குச்சி நட்டோம். யார் பாத்தி நன்றாக இருக்கிறது என்று தலைமையாசிரியர் வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டுப் போவார். அதில் யாருக்கும் அவமானமாக இருந்ததில்லை, ஏனென்றால் நாடே செய்தது. அமைச்சரும் மண்வெட்டியோடு பேப்பரில் வந்தார், நாங்களும் பிடித்தோம். எல்லாரும் பிடித்தால் அது வேறு, நம்மை மட்டும் பிடிக்கச் சொன்னால் அது வேறு.

பிறகு வந்தது பெரிய மாற்றம். அதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது, இருந்தாலும் சுருக்கமாகச் சொல்கிறோம்.

50களிலேயே வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்க ஆரம்பித்துவிட்டன. வேலையும் போச்சு, வீடும் போச்சு என்று நின்ற மக்களைப் பார்த்துத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கினார்கள். கெடாவில் புக்கிட் சீடிம்தான் முதலில் வாங்கியது. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் நிலத்தின் விலை வேறு மாதிரி போனது. எஃபிங்காம் தோட்டம் பெட்டாலிங் ஜெயா ஆனது. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலாம் ஆனது. சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயா ஆனது. 90களில் பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயா ஆனது, அங்கே இருந்த குடும்பங்கள் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனார்கள். நாட்டின் வளர்ச்சி, அதில் நாமும்தான் வேலை பார்க்கிறோம், வீடு வாங்குகிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனால் இழப்பீடு பேசும்போது வீட்டுக்குக் கணக்குப் போட்டார்கள், வேலை செய்த வருஷத்துக்குக் கணக்குப் போட்டார்கள். முருங்கை மரத்துக்கு யார் கணக்குப் போட்டது? எல்லாக் காய்கறியையும் கொல்லையில் பறித்துக்கொண்டிருந்த பாட்டி, நாலாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு கறிவேப்பிலையைக் காசு கொடுத்து வாங்கினார். அக்கம்பக்கத்துக்கு ஒரு கை கீரை கொடுத்துப் பழகின உறவும் அங்கேயே போச்சு. பள்ளிகளும் அப்படித்தான். 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்றைக்கு ஏறக்குறைய 530. தோட்டத்தோடு மூடியவை உண்டு, பட்டணத்துக்கு இடம் மாறியவை உண்டு. இடம் மாறின பள்ளிகளில் கட்டடம் மூணு மாடி, சுற்றி சிமெண்ட் தரை, நடுவில் கார் நிறுத்துமிடம். மழைத்தண்ணீர் போகத்தான் இடம் இருக்கும், செடி வைக்க இருக்காது.

நாங்கள் போகிற பள்ளியும் அப்படித்தான். அதனால்தான் டயரும் போத்தலும். அழகுக்கு வைக்கவில்லை, மண் இல்லாத இடத்துக்கு மண்ணைக் கொண்டுபோக வேறு பாத்திரம் இல்லை. லயத்துப் பாட்டி மங்கில் செடி வைத்த அதே காரணம்.

செய்கிற விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறோம், ஏனென்றால் வேறு பள்ளியில் இருந்தும் கேட்டிருக்கிறார்கள்.

டயரில் பூச்செடி, துளசி மட்டும்தான். சாப்பிடுகிற எதையும் டயரில் வைப்பதில்லை, பழைய ரப்பரில் என்னென்ன கலந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும். காய்கறிக்கு 5 கிலோ சமையல் எண்ணெய் போத்தல், அரிசி மூட்டைச் சாக்கு, சாப்பாட்டுச் சாமான் வந்த நீல டிரம். எங்களில் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள் உண்டு, டிரம் எளிதாகக் கிடைக்கும், ஆனால் கெமிக்கல் வந்த டிரம்மை எத்தனை தடவை கழுவினாலும் உள்ளே விடுவதில்லை. லேபில் இல்லாத டிரம்மும் வேண்டாம். பேலட் பலகையில் முத்திரை பார்க்கணும். எச்.டி. என்று இருந்தால் சூடு காட்டிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைட் புகை போட்டது, தொடவே வேண்டாம்.

எல்லாவற்றிலும் அடியில் ஓட்டை கட்டாயம். டயர் என்றால் உள்பக்கம் சுற்றிலும் துளை போட்டு, மண்ணை விளிம்பு வரை நிரப்ப வேண்டும், ஒரு கரண்டி தண்ணீர்கூட தேங்கக் கூடாது. இந்த விஷயத்தில் நாங்கள் ரொம்பக் கறார். நம்ம வட்டாரத்துக்குக் கொசு புதுசு இல்லை. 1901இல் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் கிள்ளானுக்கு வந்தபோது ஊரே மலேரியாவில் கிடந்தது. புதுசாகத் திறந்த துறைமுகத்தை மூடிவிடலாமா என்று பேசுகிற அளவுக்குக் காய்ச்சல். அவர் மருந்து மட்டும் கொடுத்துக்கொண்டு உட்காரவில்லை. சதுப்பை வடித்தார், காட்டை வெட்டினார், வடிகால் தோண்டினார். காய்ச்சல் இறங்கியது. அந்த வடிகாலை வெட்டின கைகளில் நம்மவர் கைகள் எத்தனை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அன்றைக்கு மலேரியா, இன்றைக்கு டெங்கி. நல்ல காரியம் செய்கிறோம் என்று டயரைப் பள்ளிக்குள் கொண்டுபோய் ஏடிஸ் கொசு வளர்த்தால் முருகன்கூட மன்னிக்க மாட்டார். அதனால் திங்கட்கிழமை தோறும் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் டார்ச் லைட்டோடு எல்லா டயரையும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தப் பொறுப்புக்குத்தான் போட்டியே அதிகம்.

எரு எங்கிருந்து? இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது.

சாமிக்குச் சாத்திக் களைந்த பூவுக்கு நிர்மாலியம் என்று பேர். அதைக் காலில் மிதிபடும் இடத்தில் போடக் கூடாது என்பது நம் முறை. திருமலையில் களைந்த மாலைகளைப் பக்தர்களுக்குக் கொடுக்காமல் பூங்கிணற்றில் சேர்ப்பது பழைய வழக்கம். 2021இல் இருந்து திருப்பதி தேவஸ்தானம் பயன்படுத்திய பூக்களை வைத்து ஊதுவத்தி செய்ய ஆரம்பித்துவிட்டது. ஆக வழி மாறலாம், மரியாதை மாறக் கூடாது. எங்கள் முடிவு இது: கருவறையில் இருந்து வரும் நிர்மாலியத்தைத் தனித் தொட்டியில் மக்க வைத்து, துளசி, செவ்வந்தி, செம்பருத்தி, தென்னைக்கு மட்டும் போடுகிறோம். அந்தச் செடியில் பூக்கிற பூ மறுபடியும் சாமிக்கு. காய்கறிக்குப் போவது அன்னதானத்துக்கு நறுக்கின காய்த்தோல், வாழை இலை, தேங்காய் மட்டை. மட்டையை இரண்டு வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துத் துவரை இறக்கிய பிறகுதான் நறுக்கிப் போடுவோம், இல்லாவிட்டால் இளஞ்செடி கருகும். ஊறுகிற டிரம்முக்கு மூடி உண்டு. மறுபடியும் கொசுக் கதைதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் எது தெரியுமா? நைலான் நூல். மாலை கட்டுகிற நூல், ஜிகினா தாள், பிளாஸ்டிக் பை, ஸ்டேப்ளர் கம்பி. ஒரு கூடைப் பூவில் இதைப் பொறுக்க மூணு பேருக்கு அரை மணி நேரம் ஆகிறது. அந்தக் காலத்தில் வாழைநாரில் கட்டினார்கள், அப்படியே மண்ணோடு போனது.

பாவமா என்று கேட்டீர்களே. கோவிலும் தோட்டமும் நம் சமயத்தில் என்றைக்கும் தனித்தனியாக இருந்ததில்லை. நந்தவனம் இல்லாத பெரிய கோவில் உண்டா? சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தவனத்துக்கு நிலம் விட்டது, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தது என்று எத்தனையோ இருக்கிறது. பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்தவர், ஆண்டாளைக் கண்டெடுத்ததே துளசிச் செடி அடியில். அறுபத்து மூவரில் முருக நாயனார் திருப்புகலூரில் விடியுமுன் எழுந்து கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்று நாலு வகையும் பறித்துத் தொடுத்துச் சாத்தியவர். எல்லாருக்கும் மேலே அப்பர் சுவாமிகள். சிவன் கோவிலில் அவர் சிலையைப் பாருங்கள், கையில் என்ன இருக்கிறது? உழவாரப் படை. கோவிலில் முளைத்த புல்லைச் செதுக்குகிற கருவி. மன்னன் வந்து வணங்கின மகான், கையில் புல் வெட்டுகிற கருவியோடுதான் நிற்கிறார். நாம் கோவில் சுத்தம் செய்வதற்கு இன்றும் உழவாரப் பணி என்றுதான் சொல்கிறோம்.

துரை கொடுத்த மண்வெட்டியும் அப்பர் கையில் இருந்த உழவாரமும் பார்க்க ஒரே இரும்புதான். ஒன்று அடுத்தவர் ஏவிப் பிடித்தது, இன்னொன்று தானே விரும்பி எடுத்தது. முதல் கேள்வி கேட்ட தாய்க்கு நாங்கள் சொல்லக்கூடிய பதில் இவ்வளவுதான். உங்கள் பிள்ளை கையில் எது இருக்கிறது என்று வந்து பாருங்கள். சரியில்லை என்று பட்டால் நிறுத்தச் சொல்லுங்கள், நிறுத்துகிறோம்.

நம் ஊரில் மற்றவர்களும் இந்தப் பாதையில்தான் இருக்கிறார்கள். 2017இல் பங்சாரில் மின்கம்பி போகிற காலி நிலத்தில், எங் செக் சான் என்ற நிலவடிவமைப்பாளர் தன்னார்வலர்களோடு கெபுன்-கெபுன் பங்சார் என்று ஒரு பொதுத் தோட்டம் போட்டார். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது அடுக்குமாடித் தாழ்வாரங்களில் எத்தனை பேர் பசலையும் புதினாவும் வைத்தார்கள் என்று நாமே பார்த்தோம். நாலாவது மாடிப் பாட்டிகளுக்கு அப்போது திடீரென்று மதிப்பு கூடியது, எல்லாரும் அவர்களிடம்தான் போய்க் கேட்டார்கள்.

குரங்குகளைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. பத்துமலைப் பக்கம் தோட்டம் போட்டால் பாதி அவர்களுக்குத்தான். தக்காளி, பயத்தங்காய் வைத்துப் பார்த்தோம், ஒரு காய்கூட பிள்ளைகள் கைக்கு வரவில்லை. மிளகாய், கறிவேப்பிலை, செரை, மஞ்சள், இஞ்சி ஆகியவற்றை அவ்வளவாகத் தொடுவதில்லை. இப்போது அதைத்தான் அதிகம் வைக்கிறோம். கம்பி வலைக்குள் வெண்டை. ஒரு மூன்றாம் ஆண்டுப் பையன் மரவள்ளிக் குச்சி ஒன்று வீட்டில் இருந்து கொண்டுவந்தான், கொள்ளுப்பாட்டி கொடுத்தாராம். பேலட் பெட்டியில் நட்டிருக்கிறோம்.

அடுத்த கோத்தோங் ரோயோங் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்கு. வருகிறவர்கள் கழுவிக் காயவைத்த 5 கிலோ எண்ணெய் போத்தல், அரிசிச் சாக்கு, பழைய மங்கு இருந்தால் அதுவும் கொண்டு வாங்க. டயர் வேண்டாம், போதும். கையுறை எங்களிடம் இருக்கிறது. அர்ச்சனைக்கு வாங்குகிற மாலையில் முடிந்தவரை வாழைநார் அல்லது பருத்தி நூல் கேட்டு வாங்குங்கள், பூக்கடைக்காரர்களிடம் நாங்களும் பேசிக்கொண்டிருக்கிறோம். தாத்தா பாட்டி யாராவது லயத்தில் கொல்லை வைத்திருந்தவர்கள் என்றால் அவர்களையும் கூட்டி வாருங்கள். நிழலில் நாற்காலி போட்டு வைக்கிறோம், பிள்ளைகளுக்குச் சொல்லித் தர ஆள் வேண்டும். மஞ்சளுக்கு மண் எவ்வளவு அணைக்கணும் என்று எங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை ஓயவில்லை.

வேல் வேல் வெற்றிவேல்.